பொருள் மீதுள்ள பற்றைத் தளர்த்துவது எப்படி? இல்லறத்தில் இருப்பவர்களுக்கான முழு வழிகாட்டி

பற்றை விட வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் பெரும்பாலும் முதல் வேலையாக பீரோவைத் திறக்கிறார்கள். புடவை, பாத்திரம், பழைய கேமரா எல்லாவற்றையும் மூட்டை கட்டி யாருக்காவது கொடுத்துவிடுகிறார்கள். சில மாதங்களில் அதே பீரோ மறுபடி நிரம்பிவிடும். எங்கள் கீதை வகுப்புக்குப் புதிதாக வருபவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் தடுமாற்றம் இதுதான்.

அவர்களுடைய எண்ணம் நல்லது, வரிசைதான் மாறிப்போகிறது. கவனிப்பது முதலில் வர வேண்டும், விடுவது அதற்குப் பிறகு. கீதை இரண்டாம் அத்தியாயத்தின் 59-ஆம் சுலோகம் இதைச் சொல்கிறது: உண்ணாமல் இருப்பவனை விட்டு விஷயங்கள், அதாவது புலன்கள் நாடும் பொருட்கள், விலகிவிடும், ஆனால் அவற்றின் மீதுள்ள சுவை விலகாது. பொருள் வெளியே போய் சுவை உள்ளே தங்கினால், அந்தச் சுவை வேறொரு பொருளைத் தேடிப் பிடித்துக்கொள்ளும்.

குழந்தைகள், வீட்டுக்கடன், வயதான பெற்றோர் என்று பொறுப்புகளோடு இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். துறவறம் மேற்கொள்ள நினைப்பவர்களுக்கு ஒரு குருவின் நேரடி வழிகாட்டல் வேண்டும். அதற்கு இந்தக் கட்டுரை போதாது.

## தொடங்கும் முன்

ஒரு நோட்டும் பேனாவும். செல்போனில் குறித்துக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். வேண்டாம். குறிப்பெழுதத் திறந்த போனில் தள்ளுபடி அறிவிப்பு வந்து நிற்கும். பத்து நிமிடம் கழித்து நீங்கள் செருப்பு விலை பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

காலையில் அரை மணி நேரம். வீட்டில் மற்றவர்கள் எழுவதற்கு முன்னால் கிடைக்கும் நேரம் சிறந்தது. அன்றைய விருப்பு வெறுப்புகள் இன்னும் ஓட ஆரம்பித்திருக்காது.

கடமைகளின் பட்டியல். கடன் தவணை, பள்ளிக் கட்டணம், அம்மாவின் மருந்து, காப்பீடு இவற்றை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். இவை இந்தப் பயிற்சிக்கு வெளியே நிற்பவை. செய்ய வேண்டிய கடமையை மயக்கத்தால் விடுவது தாமசத் (அறியாமையில் எழும்) தியாகம் என்றும், உடம்புக்குச் சிரமம் என்று பயந்து விடுவது ராஜசத் (சுயநல வேகத்தில் எழும்) தியாகம் என்றும் கீதையின் 18-ஆம் அத்தியாயம் பிரித்துக் காட்டுகிறது. "எனக்குப் பணத்தின் மேல் பற்றில்லை" என்று சொல்லிக்கொண்டு தவணையைத் தள்ளிப்போடுபவர் எந்த வகையில் வருவார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சரியான காலம். நெருங்கிய ஒருவர் இறந்த வாரத்திலோ, வேலை போன மாதத்திலோ இதைத் தொடங்காதீர்கள். வைராக்கியம் என்றால் இங்கே பற்றின்மை. அப்போது எழுவதை மயான வைராக்கியம் என்பார்கள். பிரசவ வலியில் எழும் பிரசவ வைராக்கியம், புராணக் கதை கேட்கும்போது எழும் புராண வைராக்கியம் என்று அதற்கு இரண்டு துணையும் உண்டு. மூன்றும் சூழ்நிலை மாறியதும் கரைந்துபோகும். அந்த வேகத்தில் எடுத்த முடிவுகள் மட்டும் மிஞ்சி நிற்கும்.

இன்னொன்றையும் கவனமாகச் சொல்ல வேண்டும். எதிலும் ஆர்வம் இல்லை, தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்ற நிலை வாரக்கணக்கில் நீடித்தால் அதை வைராக்கியம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். மருத்துவரைப் பாருங்கள். வைராக்கியம் வந்த மனம் தெளிவாக இருக்கும், மற்றவர்கள் மேல் அக்கறையோடு இருக்கும்.

## 1. ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள்

"ஆசையை விடப்போகிறேன்" என்று தொடங்கினால் கவனிக்க எதுவும் கையில் சிக்காது. ஒரு பொருள் வேண்டும், அது கையால் தொடக்கூடியதாக இருக்க வேண்டும்.

தேர்ந்தெடுக்க எளிய சோதனை ஒன்று: உங்களைக் கேட்காமல் வேறொருவர் எடுத்துப் பயன்படுத்தினால் உள்ளே சுருக்கென்று ஏதோ தைக்கும் பொருள் எது? சிலருக்கு பைக். சிலருக்குக் கல்யாணத்துக்கு வாங்கிய பட்டுப்புடவை. சிலருக்குப் புத்தக அலமாரி. அதுதான் உங்கள் பொருள்.

சொந்த வீடு, தாலி, பிள்ளையின் எதிர்காலச் சேமிப்பு போன்றவற்றை முதலில் எடுக்காதீர்கள். அவற்றில் பற்றும் கடமையும் பின்னிக் கிடக்கின்றன. பயிற்சி இல்லாமல் பிரித்துப் பார்க்க வராது.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் விட வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. துறவு அதிகாரத்தில் வள்ளுவரே "விடல்வேண்டும் வேண்டிய எல்லாம் ஒருங்கு" (343) என்கிறார். ஆனால் அதே அதிகாரத்தின் முதல் குறள் இது:

யாதனின் யாதனின் நீங்கியான் நோதல்
அதனின் அதனின் இலன்.

எந்தெந்தப் பொருளிலிருந்து நீங்குகிறோமோ அந்தந்தப் பொருளால் வரும் துன்பம் இல்லை. எல்லாவற்றையும் ஒருங்கே விடுவது தலையானது, ஒவ்வொன்றாக விட்டாலும் அதனதன் அளவுக்குத் துன்பம் நீங்கும் என்று குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் இதை விளக்குகிறார். இல்லறத்தில் இருப்பவர்களுக்கு இந்த இரண்டாவது வழிதான் நடக்கக்கூடியது.

## 2. சாட்சியாக உட்காரப் பழகுங்கள்

பொருளைக் கவனிப்பதற்கு முன் கவனிக்கும் திறன் வேண்டும். அதற்காகத்தான் காலை அரை மணி நேரம்.

முதுகு நிமிர்ந்திருக்க உட்காருங்கள். தரையில் முடியாவிட்டால் நாற்காலி போதும். மூச்சு உள்ளே வருவதையும் வெளியே போவதையும் மட்டும் பாருங்கள். வீட்டு வழக்கத்தில் 'சிவாய நம' என்றோ 'ஓம் நமோ நாராயணாய' என்றோ மந்திரம் இருந்தால் மூச்சோடு சேர்த்துக்கொள்ளலாம். எண்ணம் வந்தால் "எண்ணம் வந்தது" என்று தெரிந்துகொண்டு மூச்சுக்குத் திரும்புங்கள். அரை மணியில் இருபது நிமிடம் இதற்கு, மீதி நோட்டுக்கு.

ஏன் இது முதலில்? உருவத்தைக் கண் பார்க்கிறது, கண்ணை மனம் அறிகிறது, மனத்தின் அசைவுகளைச் சாட்சி அறிகிறது, சாட்சியை வேறெதுவும் பார்ப்பதில்லை. அத்வைத வேதாந்தத்தில் தொடக்கப் பாடமாகச் சொல்லித்தரும் 'திருக்-திருச்ய விவேகம்' (பார்ப்பதையும் பார்க்கப்படுவதையும் பிரித்தறிதல்) என்ற நூல் இதைத்தான் முதல் சுலோகத்திலேயே வைக்கிறது. ஆசை எழும்போது அதைத் தள்ளி நின்று பார்க்க ஓர் இடம் தேவை. அந்த இடம் காலையில் பழகியிருந்தால்தான் மதியம் கடைவீதியில் கைகொடுக்கும்.

இங்கே வரும் பிழை, எண்ணங்களை நிறுத்தப் பார்ப்பது. நிற்காது. நிற்கவில்லையே என்ற எரிச்சலில் பலர் பத்தாம் நாளே விட்டுவிடுகிறார்கள். எண்ணம் வந்ததும் தெரிகிறது என்றால் பயிற்சி சரியாகத்தான் நடக்கிறது.

## 3. மூன்று பத்தி எழுதுங்கள்

நோட்டில் ஒரு பக்கத்தை மேலிருந்து கீழாகக் கோடு போட்டு மூன்று பத்தியாகப் பிரியுங்கள்: தேடுதல், காத்தல், இழத்தல். பொருளால் இம்மையில் வரும் துன்பத்தைப் பரிமேலழகர் மேலே சொன்ன குறளின் உரையில் இந்த மூன்றாகத்தான் வகைப்படுத்துகிறார். நோட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பிரிவு எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் தேர்ந்தெடுத்த பொருள் மனத்தில் எழுப்பும் ஒவ்வொரு அசைவையும் ஏதாவது ஒரு பத்தியில் எழுதுங்கள். இரண்டு வாரம் எழுதினால் போதும்.

பைக் என்று வைத்துக்கொள்வோம். "பக்கத்து வீட்டில் புது மாடல் வாங்கியிருக்கிறார்கள், அதன் விலை பார்த்தேன்" என்பது தேடுதல். "கோயில் வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனேன், பிராகாரம் சுற்றும்போது பூட்டினேனா என்ற நினைப்பு" என்பது காத்தல். "தம்பி சாவி கேட்டான், கீறல் விழுமோ என்று வயிறு இறுகியது" என்பது இழத்தல்.

உடம்பில் எங்கே தெரிந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நெஞ்சில் அடைப்பு, தாடையில் இறுக்கம், உள்ளங்கையில் வேர்வை. மனம் தன் பற்றுக்கு நியாயம் சொல்லிவிடும். உடம்புக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அதனால் பற்று எழுவதை முதலில் உடம்பில் கண்டுபிடிப்பதுதான் எளிது.

தீர்ப்பு எழுதாதீர்கள். "நான் பேராசைக்காரி", "எனக்கு இன்னும் புத்தி வரவில்லை" என்று பக்கம் பக்கமாக எழுதுபவர்களைப் பார்த்திருக்கிறேன். தன்னைத் திட்டிக்கொள்வதும் 'நான்' என்பதைச் சுற்றியே ஓடுகிறது. நடந்தது என்ன, உடம்பில் எங்கே, எத்தனை மணிக்கு, அவ்வளவுதான்.

இந்த இரண்டு வாரத்தில் அந்தப் பொருளை யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம், ஒளித்து வைக்கவும் வேண்டாம். கொடுத்துவிட்டால் கவனிக்க எதுவும் மிஞ்சாது.

## 4. சங்கிலியை இனங்காணுங்கள்

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் கொடுக்க வேண்டிய படி இதுதான். மற்ற படிகளில் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் பரவாயில்லை, இதில் மட்டும் அவசரப்படாதீர்கள்.

கீதை இரண்டாம் அத்தியாயம், 62, 63 சுலோகங்கள். அவற்றில் வரும் வரிசை: விஷயத்தைத் திரும்பத் திரும்ப நினைத்தல், அதனால் பற்று, பற்றிலிருந்து ஆசை, ஆசையிலிருந்து கோபம், கோபத்திலிருந்து மயக்கம், மயக்கத்தால் நினைவு தடுமாறுதல், அதனால் புத்தி அழிதல், முடிவில் மனிதனே அழிதல். எட்டுப் படிகள்.

நோட்டில் எழுதியவற்றுள் ஒரு நிகழ்ச்சியை எடுத்து இந்த வரிசையில் வைத்துப் பாருங்கள். ஓர் உதாரணம் தருகிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போனில் ஒரு புடவையின் படம் கண்ணில் படுகிறது. மூடிவிடுகிறீர்கள். மாலையில் மறுபடி அந்த நிறம் நினைவுக்கு வருகிறது, அடுத்த மாதக் கல்யாணத்துக்கு அதைக் கட்டிக்கொண்டு போவதாக மனம் ஒரு காட்சி போடுகிறது. இதுதான் முதல் படி. கொஞ்ச நேரத்தில் அது "என் புடவை" ஆகிவிடுகிறது. இன்னும் வாங்கவே இல்லை, ஆனால் பற்று வந்துவிட்டது. ராத்திரி விலை பார்க்கிறீர்கள், அது ஆசை. "இந்த மாதம் வேண்டாமே" என்று வீட்டுக்காரர் சொல்கிறார். சட்டென்று குரல் உயர்கிறது. பிறகு எப்போதோ அவர் வாங்கிய பொருட்களின் கணக்கெல்லாம் வெளியே வருகிறது. மதியம் வரை அந்தப் புடவை இல்லாமல் நிம்மதியாக இருந்தோம் என்பதே மறந்துபோகிறது. நினைவு தடுமாறுதல் என்று கீதை சொல்வதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

எந்தக் கண்ணியில் அறுப்பது? புதிதாக வருபவர்கள் கோபத்தில் அறுக்கப் பார்க்கிறார்கள், ஏனென்றால் அதுதான் முதலில் கண்ணில் படுகிறது. அங்கே வேகம் அதிகம், அறுக்க முடியாது. ஆசையில் அறுப்பதும் கடினம், போராட்டமாகிவிடும். இளகிய கண்ணி முதலாவதுதான்: திரும்பத் திரும்ப நினைப்பது.

படம் கண்ணில் படுவது உங்கள் கையில் இல்லை. இரண்டாவது முறை அந்த நினைப்பு வரும்போது "இது இரண்டாவது முறை" என்று தெரிந்துகொள்வது உங்கள் கையில் இருக்கிறது. தெரிந்துகொண்டதும் அந்த நினைப்போடு சண்டை போடாமல், மனம் கட்டும் காட்சியைத் தொடராமல், ஒரு மூச்சைப் பாருங்கள். கையில் இருக்கும் வேலைக்குத் திரும்புங்கள். மூன்றாவது முறை வரும், நான்காவது முறையும் வரும். ஒவ்வொரு முறையும் இதையே செய்யுங்கள்.

தொடக்கத்தில் கோபம் வந்து போன பிறகுதான் சங்கிலி புரியும். அதனால் சோர்ந்துபோக வேண்டாம். ராத்திரி நோட்டில் பின்னோக்கி எழுதுங்கள்: கோபத்துக்கு முன் என்ன, அதற்கு முன் என்ன. இப்படி எழுதி எழுதித்தான் கவனம் ஒவ்வொரு கண்ணியாக முன்னால் நகரும். சில வாரங்களில் ஆசை எழும் நேரத்திலேயே தெரியும். அப்புறம், நினைப்பு சுழலத் தொடங்கும்போதே தெரியும்.

## 5. வாங்குவதற்கு முன் ஒரு கால இடைவெளி வையுங்கள்

கவனம் ஓரளவு கூர்மையான பிறகு இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்றாடத் தேவை தவிர வேறு எதை வாங்க நினைத்தாலும் நோட்டில் தேதியோடு எழுதி, ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். பெரிய தொகை என்றால் ஒரு மாதம்.

காத்திருக்கும் நாட்களில் அந்தப் பொருளின் படத்தைப் பார்க்காமல் இருப்பது முக்கியம். தினமும் பார்த்துக்கொண்டே காத்திருந்தால் முதல் கண்ணியை நீங்களே வலுவாக்கிக்கொண்டிருப்பீர்கள். கடைசி நாளில் ஆசை இரண்டு மடங்காகியிருக்கும். கைகால்களை அடக்கிவிட்டு மனத்தால் விஷயங்களையே நினைத்திருப்பவனை மித்யாசாரன், அதாவது பொய்யொழுக்கம் உள்ளவன் என்று கீதை 3.6 சொல்கிறது.

ஒரு வாரம் கழித்தும் தேவை என்று தோன்றினால் வாங்குங்கள். குற்ற உணர்வு வேண்டாம். தேவையை அமைதியாக வாங்கத் தெரிவதும் இந்தப் பயிற்சியின் பலன்தான்.

## 6. எதிர் எண்ணத்தைக் கொண்டுவாருங்கள்

சில நாள் நினைப்பு விடாது. மூச்சுக்குத் திரும்பினாலும் பின்னாலேயே வரும். பதஞ்சலி யோகசூத்திரம் 2.33 இதற்குப் பிரதிபக்ஷ பாவனை என்ற வழியைத் தருகிறது. தொந்தரவு செய்யும் எண்ணம் வரும்போது அதற்கு எதிரானதை நினைப்பது.

உங்கள் நோட்டே இதற்குப் போதும். போன வருடம் இதே வேகத்தில் ஆசைப்பட்டு வாங்கிய பொருள் இப்போது எங்கே இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். கையில் எடுத்துப் பாருங்கள். 'காத்தல்' பத்தியை ஒருமுறை படியுங்கள்.

பொருளை வெறுக்கும்படி எண்ணிக்கொள்வது தவறான திசை. யோகசூத்திரத்தில் விருப்பு, வெறுப்பு இரண்டும் ஐந்து கிலேசங்களில், அதாவது மனத்தைத் துன்புறுத்தும் குறைகளில், சேர்ந்தவை. "பணம் நாற்றம், நகை குப்பை" என்று பேசத் தொடங்கியவர்கள் பற்றை அப்படியே வெறுப்பாக மாற்றிக்கொண்டவர்கள். மனம் இன்னும் அதே பொருளைத்தான் சுற்றுகிறது.

## 7. இப்போது கொடுங்கள்

பீரோவைத் திறக்க இதுதான் நேரம்.

முதலில் பயன்பாட்டைப் பகிருங்கள். தம்பி பைக் கேட்டால் சாவியைக் கொடுங்கள், வயிறு இறுகுவதைப் பார்த்துக்கொண்டே கொடுங்கள். அவன் திரும்பி வந்ததும் கீறல் இருக்கிறதா என்று உடனே போய்ப் பார்க்காதீர்கள். பல பேருக்குப் பொருளை நிரந்தரமாகக் கொடுப்பதைவிட இது கடினமாக இருக்கிறது. அதனால்தான் இதை முன்னால் வைக்கிறேன்.

அடுத்து, நல்ல நிலையில் உள்ள ஒரு பொருளை முழுவதுமாகக் கொடுங்கள். கிழிந்ததையும் ஓடாததையும் கொடுப்பது வீட்டைச் சுத்தம் செய்வதில் சேரும். கொடுத்ததை யாரிடமும் சொல்லாதீர்கள். படம் எடுத்துப் போடாதீர்கள். சொன்னால் பொருள் போன இடத்தில் பெயர் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கொடுத்த பொருளைப் பெற்றவர் என்ன செய்கிறார் என்று பின்தொடர வேண்டாம். அவர் அதை விற்றிருக்கலாம், வேறொருவருக்குக் கொடுத்திருக்கலாம். அது தெரிந்ததும் மனம் நோகிறதென்றால் கை மட்டும்தான் விட்டிருக்கிறது. அதையும் நோட்டில் எழுதுங்கள்.

குடும்பத்தின் பொருளைத் தனியாக முடிவெடுத்துக் கொடுக்கவே கூடாது. ஒருவருடைய வைராக்கியத்துக்காக மனைவியின் பாத்திரமும் பிள்ளையின் பொம்மையும் வெளியே போன வீடுகளை நான் அறிவேன். அவர்கள் மனம் பட்ட காயம் எளிதில் ஆறவில்லை. உங்களுக்கென்று இருப்பதை மட்டும் கொடுங்கள். மற்றவர்களிடம் இதைப் பற்றி உபதேசமும் வேண்டாம்.

## 8. உடையவன் யார் என்று பாருங்கள்

ஒரு பொருளின் பிடி தளர்ந்ததும் பலர் நின்றுவிடுகிறார்கள். ஆனால் பொருளை 'எனது' என்றது ஒரு 'நான்'. அது அப்படியே இருந்தால் நாளை வேறொன்றைப் பிடிக்கும். "யான் எனது என்னும் செருக்கு" என்று வள்ளுவர் (346) இரண்டையும் சேர்த்தே சொல்கிறார்.

காலைப் பயிற்சியின் முடிவில் சில நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். அந்தப் பொருளை நினையுங்கள். 'என்னுடையது' என்ற உணர்வு எழட்டும். "இது யாருக்கு?" என்று உள்ளே கேளுங்கள். "எனக்கு" என்று வரும். "அந்த நான் யார்?" என்று கேட்டுவிட்டு, பதில் தேடாமல், கேள்வி எழுந்த இடத்திலேயே கவனத்தை வையுங்கள். திருவண்ணாமலையில் ரமணர் காட்டிய விசார முறை, அதாவது 'நான் யார்' என்று உள்ளே தேடும் முறை, இது. சொற்களால் வரும் பதில் எதுவும் பதில் ஆகாது. "நான் ஆத்மா" என்று உடனே சொல்லிவிடுபவர்கள் படித்ததைத் திருப்பிச் சொல்கிறார்கள்.

இந்தக் கட்டத்தில் பற்று பூஜை அறைக்குள் நுழையும், கவனமாக இருங்கள். ஒரு ருத்திராட்சம் போதாமல் ஐந்து முகம், ஏழு முகம் என்று தேடுவது, ஸ்படிக மாலை சேர்ப்பது, "நான் எளிமையாக வாழ்பவன்" என்ற பெயரைக் காப்பாற்றிக்கொள்வது. இவற்றுக்கும் அதே மூன்று பத்தியை எழுதுங்கள். இங்கேயும் தேடுதல், காத்தல், இழத்தல் மூன்றும் இருக்கும்.

## 9. எங்கே நிற்கிறீர்கள் என்று அளந்து பாருங்கள்

யோகசூத்திரம் 1.15-க்கு எழுதிய விளக்கத்தில் வாசஸ்பதி மிச்ரர் வைராக்கியத்தை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார். என்னிடம் வருபவர்களுக்கு நான் கொடுக்கும் அளவுகோல் இதுதான்.

யதமானம்: புலன்கள் பொருளின் பின்னே ஓடாமல் இருக்க முயற்சி தொடங்கிவிட்டது. மேலே சொன்ன முதல் மூன்று படிகளில் இருப்பவர்கள் இங்கே.

வியதிரேகம்: எது தளர்ந்திருக்கிறது, எது இன்னும் தளரவில்லை என்று பிரித்துச் சொல்ல முடிகிறது. "புடவையில் ஈர்ப்பு குறைந்தது, நகையில் குறையவில்லை" என்று தெளிவாகச் சொல்பவர் இங்கே வந்துவிட்டார். உண்மையாகப் பயிற்சி செய்யும் பெரும்பாலோர் நெடுங்காலம் இருக்கும் நிலை இது. இதில் குறை ஒன்றுமில்லை.

ஏகேந்திரியம்: புலன்கள் ஓடுவதில்லை, மனத்தில் மட்டும் மெல்லிய ஏக்கமாக மிஞ்சியிருக்கிறது.

வசீகாரம்: பொருள் எதிரிலேயே இருந்தாலும் அந்த ஏக்கம் எழுவதில்லை. சேக்கிழார் "ஓடும் செம்பொனும் ஒக்கவே நோக்குவார்" என்று பாடும் அடியார்கள் இங்கே இருப்பவர்கள். திருப்புகலூரில் உழவாரப்படையால் புல் செதுக்கும்போது பருக்கைக் கற்களோடு பொன்னும் மணியும் கிடக்க, இரண்டையும் ஒன்றாகவே வாரிக் குளத்தில் எறிந்தார் அப்பர் என்று பெரியபுராணம் சொல்கிறது.

மாதம் ஒருமுறை, அமாவாசை என்று வைத்துக்கொண்டால் மறக்காது, நோட்டைப் புரட்டி உங்கள் பொருள் எந்த நிலையில் இருக்கிறது என்று குறியுங்கள். வெவ்வேறு பொருட்களில் வெவ்வேறு நிலை இருப்பது இயல்பு. வியதிரேகத்துக்கு வந்ததும் இரண்டாவது பொருளை எடுத்துக்கொள்ளலாம். முதல் பொருளில் முழுமை அடைந்த பிறகுதான் அடுத்தது என்று காத்திருக்க வேண்டாம்.

பண்டிகைக் காலத்திலோ சம்பளம் உயர்ந்த மாதத்திலோ பழைய வேகம் திரும்பினால் மூன்றாம் படிக்குப் போய் மறுபடி இரண்டு வாரம் எழுதுங்கள். முதல் பொருளுக்கு ஆன நேரம் இரண்டாவதற்கு ஆகாது, ஏனென்றால் உடம்பில் பற்று எங்கே தெரியும் என்பது உங்களுக்கு இப்போது தெரியும். காலை அரை மணியை மட்டும் எந்தக் கட்டத்திலும் நிறுத்திவிடாதீர்கள்.